மிரியம் மகேபா: கைதட்டியவர்கள் கதவடைத்த கதை

பிறந்து 18 நாளே ஆன குழந்தை, தாயோடு சிறைக்குப் போனது. வீட்டில் மது காய்ச்சி விற்றார் என்பது தாய் மீதான குற்றச்சாட்டு. அபராதம் கட்டக் காசில்லை. ஆறு மாதம் சிறை. 1932இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தக் குழந்தைதான் பின்னாளில் உலகமே கொண்டாடிய பாடகி மிரியம் மகேபா.

சிறு வயதில் தந்தையை இழந்தார். வீட்டுவேலை செய்தார். பிறகு இசைக்குழுக்களில் பாடிப் புகழ்பெற்றார். நிறவெறி ஆட்சியை அம்பலப்படுத்த ரகசியமாக எடுக்கப்பட்ட 'கம் பேக், ஆப்பிரிக்கா' படத்தில் சில நிமிடங்கள் பாடியதே 1959இல் அவரை வெனிஸ் வரை கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு தாய் இறந்தார். அடக்கத்துக்கு ஊர் திரும்ப முயன்றபோதுதான் தன் கடவுச்சீட்டு ரத்து செய்யப்பட்டது அவருக்குத் தெரிந்தது. ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே 1960இல்தான்.

அவர் அடங்கிப் போகவில்லை. 1963இல் ஐ.நா. குழுவின் முன் நிறவெறி அரசுக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. இசைத்தட்டுகளைத் தடை செய்தது.

அமெரிக்கா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஹாரி பெலாஃபான்டேவுடன் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டுக்கு 1966இல் கிராமி விருது கிடைத்தது. அவருடைய ஷோசா மொழிப் பாட்டு ஒன்றின் பெயர் வெள்ளையர்களின் வாயில் நுழையவில்லை; 'கிளிக் பாட்டு' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். அந்தக் கதையை மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் பாடுவார். அவர்களும் சிரித்துக் கைதட்டினார்கள்.

1968இல் 'கறுப்பர் அதிகாரம்' முழக்கத்தை எழுப்பிய ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்தார். உடனே நிகழ்ச்சிகள் ரத்தாயின. இசைத்தட்டு ஒப்பந்தங்கள் போயின. பாடல் மாறவில்லை, குரலும் மாறவில்லை. தொலைதேசத்து அநியாயத்தைப் பாடியவரைக் கொண்டாடியவர்கள், தங்கள் நாட்டு அநியாயத்தை எதிர்த்தவரோடு அவர் சேர்ந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

கினி நாடு அடைக்கலம் தந்தது. அதன் பிரதிநிதியாக மீண்டும் ஐ.நா.வில் பேசினார். மண்டேலா விடுதலையான 1990இல்தான், 30 ஆண்டுகளுக்குப் பிறகு, தாய்மண்ணை மிதித்தார்.

தோழர்களே, அவருடைய கடைசி மேடையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 நவம்பரில் இத்தாலியின் காஸ்டெல் வோல்டுர்னோவில் பாடினார். மாஃபியா கும்பலை எழுத்தில் அம்பலப்படுத்தி, கொலைமிரட்டலுக்கு ஆளான ராபர்டோ சவியானோவுக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. இரண்டு மாதம் முன்புதான் அதே ஊரில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பாடி முடித்ததும் சரிந்து விழுந்தார், உயிர் பிரிந்தது. வயது 76.

நாமும் பாடகர்களை மேடையேற்றுகிறோம், கைதட்டுகிறோம். அதே பாடகர் மேடையை விட்டு இறங்கி, நம் ஊர் அநியாயத்தின் பெயரைச் சொல்லும்போது, அவர் பக்கத்தில் நிற்கப்போவது நம்மில் எத்தனை பேர்?