நீர் புகுந்த இன்ஜின்

வெள்ளத்தில் ஓட்டப்படும் காரின் காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் சென்று, இன்ஜின் நின்றுபோவது அல்லது தாறுமாறாக ஓடுவது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின.

காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீர் சுருங்காது. மேலேறும் பிஸ்டன் நீரில் முட்ட, கனெக்டிங் ராடு வளைகிறது. டீசல் இன்ஜினின் எரியறை சிறியது என்பதால் கொஞ்சம் நீரே போதும். நின்ற வண்டியை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெருங்கேடு. அதை எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

சோதனை ஏர் ஃபில்டரில் தொடங்கும். அது நனைந்திருந்தால், பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபிபோல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது.

உலர்த்திய பிறகும் வண்டி இழுக்காமல் குலுங்கினால், இக்னிஷன் காயில், ஒயரிங் சாக்கெட்டுகளின் ஈரத்தை முதலில் பார்க்கலாம். ஒரே சிலிண்டர் விடாமல் மிஸ் ஆனால் கம்ப்ரஷன் கேஜ் தேவை. அளவு குறைந்திருந்து, சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டும் ஏறாவிட்டால் பழுது பெரும்பாலும் ரிங்கில் இல்லை. வால்விலோ ராடிலோ இருக்கும். பிளக் துளையில் மெல்லிய கம்பியை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சத்தில் நிற்கும் உயரத்தை ஒப்பிட்டால் விடை தெரியும்: ராடு வளைந்த பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். அப்படியே ஓட்டினால் ராடு பின்னாளில் முறிந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடக்கூடும்.