கேட்ட விலையைத் திரும்பப் பெறும் உரிமை

ஏலத்தில் விலை கேட்டவர் அதிலிருந்து விலக முடியுமா என்ற வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் 1789இல் பெய்ன் எதிர் கேவ் வழக்கில் தெளிவான விடை அளித்தது. மது வடிக்கும் சுருள்குழாயும் அதன் தொட்டியும் ஏலத்துக்கு வந்தபோது 40 பவுன் கேட்டவர், குழாயின் எடைக்கு உறுதி தர ஏலமிடுபவர் மறுத்ததால், சுத்தியல் விழுமுன்பே விலகிக்கொண்டார். பொருள் பின்னர் 30 பவுனுக்கே விலைபோனதால் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. விலை கேட்பது வாங்குவதற்கான முன்மொழிவு மட்டுமே என்றும், விற்பவரின் ஒப்புதலைச் சுத்தியல் ஒலியே அறிவிப்பதால் அதுவரை இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விதி 1893ஆம் ஆண்டின் பிரித்தானியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 58ஆம் பிரிவிலும், அதன் வழிவந்த 1930ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் 64ஆம் பிரிவிலும் நிலைபெற்றது.

1995இல் தொடங்கிய ஈபே இணைய ஏலத்தில் சுத்தியலின் இடத்தைக் கடிகாரம் எடுத்துக்கொண்டபோது, இவ்வுரிமை விதிவிலக்காகச் சுருங்கியது. 9.95 என்பதற்குப் பதிலாக 99.50 என்று தவறுதலாகத் தட்டச்சு செய்வது, விற்பவர் பொருளின் விவரத்தைப் பெரிதும் மாற்றுவது போன்ற சில காரணங்களுக்கே விலக இசைவு உண்டு. இறுதி 12 மணி நேரத்தில் கேட்ட விலையை 1 மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். மிகையான விலை கேட்டுப் பிறரை விரட்டிவிட்டு, கடைசி நொடியில் விலகும் சூழ்ச்சியைத் தடுக்க இக்கட்டுப்பாடு தேவையாகிறது. உண்மையான பிழைக்கு வழிவிட்டு வஞ்சகத்துக்குக் கதவடைக்கும் விதியே நேர்மையான ஏலத்தின் அடிப்படை.