பாசி போர்த்திய மரங்கள்

1860-களில் நீலகிரியின் சிங்கோனாத் தோட்டங்களில் ஒரு விநோதமான வேலை நடந்தது. மரப்பட்டையை மேலிருந்து கீழாக நீளநீளமாக, இடைவெளி விட்டு உரித்தார்கள். உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திக் கட்டினார்கள். பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. பழைய பட்டையைவிட அதில் காய்ச்சல் மருந்தான கொயினா கூடுதலாக இருந்தது.

இந்த முறையைக் கண்டவர் ஊட்டி அரசுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வில்லியம் மெக்கைவர். மருந்துச் சத்தைக் கூட்டும் வேலையை அவர் மரத்திலேயே தொடங்கிவிட்டார்.

சிங்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அதன் பட்டையிலிருந்து கொயினாவை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியேவும் கவந்தூவும். இடம் பாரிஸ், ஆண்டு 1820. நாற்பது ஆண்டுகள் கழித்து, கிளெமென்ட்ஸ் மார்க்கத்தின் முயற்சியால் விதையும் கன்றும் ஊட்டிக்கு வந்தன. நீலகிரியின் நடுவட்டம் தோட்டத்தில் சீனக் கைதிகளையும் வேலை வாங்கினார்கள். சிங்கோனா வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

பட்டையிலிருந்து மருந்தை எடுக்கும் வழி, கேட்கும்போது எளிதாகத்தான் தோன்றும். பட்டையைத் தூளாக்கிச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அமிலங்களோடு பிணைந்து கிடக்கும் கொயினா முதலிய ஆல்கலாய்டுகளைச் சுண்ணாம்பு விடுவிக்கும். பிறகு எண்ணெயிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்தால் அவை அதில் இறங்கும். அதோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துப் பக்குவமாக ஆறவிட்டால் கொயினா சல்பேட் வெள்ளைப் படிகமாகப் படியும்.

சிக்கல் மரத்தில் இருந்தது. நீலகிரியில் செழித்து வளர்ந்தது செம்பட்டைச் சிங்கோனா. அதில் கொயினா குறைவு, சிங்கோனிடின் முதலிய மற்ற ஆல்கலாய்டுகள் அதிகம். கொயினாவை மட்டும் தனியே பிரிக்கச் செலவு எகிறியது.

அப்படியானால் மற்றவை வெறும் கழிவுதானா? 1866-ல் சென்னை அரசு அமைத்த குழு இதை நோயாளிகளிடமே சோதித்தது. கொயினா, குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என நான்கையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். 2,472 காய்ச்சல்காரர்களில் குணம் காணாதவர்கள் 27 பேர்தான். நான்குமே மருந்து! மெக்கைவரின் பாசியைவிடவும் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஏழைகளின் காய்ச்சல் தணிய வெள்ளைப் படிகம்தான் வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு போனது.

அரசு வேதியியலாளர் ஜான் பிராட்டன் அந்தத் துணிவில் எல்லா ஆல்கலாய்டுகளையும் சேர்த்தே பிரித்து மருந்தாக்கினார். ஆனால் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாமல் அவருடைய ஆலை நின்றுபோனது. 1870-களில் வங்காள அரசு அதே யோசனையை மலிவாகச் செய்துகாட்டியது. டார்ஜீலிங் பக்கத்து மலையில் தயாரான கலப்பு ஆல்கலாய்டுத் தூள் எளியவர்களின் காய்ச்சல் மருந்தானது.

உலகச் சந்தையோ ஜாவாவின் கைக்குப் போனது. அங்கே டச்சுக்காரர்கள் வளர்த்த லெட்ஜர் வகை மரத்தில் கொயினாவே மிகுதி. பிற்காலத்தில் செயற்கை மாத்திரைகளும் வந்து சேர, தமிழக மலைகளில் சிங்கோனா பின்வாங்கியது. வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. இன்று அங்கே விளைவது தேயிலை.