அணையா விளக்கும் அரைமணி மின்சாரமும்

சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை விடுவது வழக்கம். ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். ஆடு இறந்தாலும் மூத்தாலும் தொகை குறையலாகாது. ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்வெட்டுகள் குறித்தன. இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் அந்தக் கவலையே. ஆடுகளுக்குப் பதிலாக மேசையடியில் ஒரு கறுப்புப் பெட்டி.

பெட்டி புதிதாயினும் உள்ளிருக்கும் பொருள் பழையது. 1859ஆம் ஆண்டில் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தைச் செய்தார். நம் வீட்டு யு.பி.எஸ். பெட்டிகளில் பெரும்பாலும் அந்த ஈயமும் அமிலமுமே உள்ளன.

நெய்வேலியில் 1962ஆம் ஆண்டு முதலே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். அந்த நெய்வேலியைத் தன்னகத்தே கொண்ட கடலூர் மாவட்டம் இருளில் கிடந்த நாட்களை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. சில சிற்றூர்களுக்கு மின்சாரம் மீள வாரங்கள் ஆயின. அடுத்து வந்த 2012ஆம் ஆண்டிலோ, புயல் இல்லாமலேயே தமிழகத்தின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு நிலவியது. வசதியுள்ளோர் இன்வெர்ட்டர் வாங்கினர்.

அந்நாளில் சிதம்பரத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரையைக் கணிப்பொறியில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற துணிவில் எதையும் சேமித்து வைக்கவில்லை. மின்சாரம் நின்றது, விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, ஒன்பது பக்கங்கள் மட்டும் மறைந்தன! கணிப்பொறி மின்சாரமின்றித் தாங்குவது ஏறத்தாழ ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே. இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதனினும் சற்று மிகுதியாக நேரம் எடுத்துக்கொண்டது. அதன் பின்புறம் யு.பி.எஸ். என்று குறித்த சிறு விசை இருந்ததை மறுநாள்தான் கண்டோம். அதைத் தள்ளியிருந்தால் மாற்றம் விரைந்திருக்கும்.

ஆகவே பெட்டி வாங்கப் புகுவோர் முதலில் கேட்க வேண்டியது, எதற்காக என்பதே. மணிக்கணக்கில் வேலை செய்யவேண்டின், பெரிய பேட்டரியுடன் இன்வெர்ட்டர் வேண்டும். எழுதியதைக் காத்துக் கணிப்பொறியை முறையாக நிறுத்துவதே நோக்கமாயின் சிறு யு.பி.எஸ். போதும். 600 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு 600 வாட் என மயங்கலாகாது. பல பெட்டிகளில் அது 360 வாட்டே. உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பின் பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட் இழுக்கும் கணிப்பொறிக்கு அரைமணி என்று ஏடு சொல்லும். விரைந்து இறக்கும்போது பேட்டரியின் வலுக் குறைவதாலும், மாற்றத்தில் ஒரு பங்கு வீணாவதாலும், உண்மையில் கால் மணி கிடைத்தால் மகிழலாம். லேசர் அச்சுப்பொறியை அதில் ஒருபோதும் மாட்டலாகாது. சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தைப் பெட்டி தாங்காது. மின்னழுத்தம் அடிக்கடி தாழும் தெருவாயின், அதைத் தானே உயர்த்திக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குவது நலம். இல்லையேல், மின்சாரம் இருக்கும்போதே பெட்டி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

இந்தப் பேட்டரிக்கு மூப்பும் உண்டு, சாவும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளே ஆயுள். சில திங்களுக்கு ஒருமுறை, எழுதியதைச் சேமித்துவிட்டுச் சுவர் விசையை அணைத்து, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன். சென்ற முறை நான்கு நிமிடமே நின்றது. பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துப் புதியது வாங்கி வந்தேன். அதிலுள்ள ஈயத்தை உருக்கி மறுபடியும் தகடாக வார்க்கிறார்களாம்.