பரிசோதனை போனது, பொறுப்பு போகவில்லை

1985 ஜூலை 9-ஆம் நாள் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் புரோட்டோன் சாகாவை அறிமுகப்படுத்தினார். மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலமில் உருவான எளிய கார் அது. பெட்டாலிங் ஜெயா வீட்டு வாசலிலேயே எண்ணெய் மாற்றலாம், பிளக்கைத் துடைக்கலாம்.

2009 அக்டோபரில், 15 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனை என்று அரசு அறிவித்தது. வசதி குறைந்தோர் என்ன செய்வர் என எதிர்ப்புக் கிளம்பியது; நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அன்பர்களே, அந்தச் சலுகையோடு பொறுப்பும் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாளானால் இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். ஈராண்டுக்கு ஒருமுறை பட்டறையில் மாற்றிவிடுங்கள்.