வெப்ஸ்டர் கவுண்டி: ஒரு புல்வெளியின் வரலாறு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கான்சாஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிறிய ஆட்சிப்பகுதி வெப்ஸ்டர் கவுண்டி. ரிபப்ளிகன் ஆறு அதன் தென்பகுதியில் ஓடுகிறது. அவ்வாற்றங்கரையில் பானி இனத்தாரின் பேரூர் ஒன்று இருந்தது. 1806இல் அங்கு வந்த படைத்தலைவர் செபுலன் பைக், பறந்துகொண்டிருந்த ஸ்பானியக் கொடியை இறக்கச் செய்து தம் நாட்டுக் கொடியை ஏற்றுவித்தார். கொடிகள் மாறின, மண்ணுக்குரியோர் நிலைக்கவில்லை. 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிளாட் ஆற்றின் தென்புற நிலங்களை இழந்த பானியர், 1870களில் நெப்ராஸ்காவை விட்டே ஓக்லஹோமாப் பகுதிக்குப் பெயர்ந்தனர்.

அக்காலத்திலேயே வெள்ளையர் குடியேற்றமும் தொடங்கிற்று. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கி உழுதவருக்கு 160 ஏக்கர் சொந்தமாயிற்று. தலைநகருக்கு ரெட் கிளவுட் என்று பெயரிட்டனர். அவரோ லக்கோட்டா இனத் தலைவர், பானியரின் பகைக்குலத்தவர். வென்றவர்கள் பெயர் சூட்டும்போது இந்த நுட்பமெல்லாம் பார்ப்பதில்லை போலும்!

மரமில்லா வெளியில், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளே சுவராயின. பொஹீமியாவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், 1881ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடல் வயலோரத்தில் புதைக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, வர்ஜீனியாவிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமியாக அங்கு வந்த வில்லா கேதர், அக்கதையைக் கேட்டே வளர்ந்தார். இறந்தவரின் மகள் அவருக்குத் தோழியானாள். 1918இல் வெளிவந்த ‘மை அன்டோனியா’ நாவலின் நாயகி அவளே. தந்தையின் கல்லறையும் அந்நூலில் இடம்பெற்றது. ஊர் மட்டும் ‘பிளாக் ஹாக்’ என்று பெயர் மாறியது. அதுவும் ஒரு பழங்குடித் தலைவரின் பெயரே.

கேதர் 1890இல் கல்லூரிக் கல்விக்காக ஊரைவிட்டு வெளியேறினார். நிலையாகத் தங்கத் திரும்பவில்லை. ஊராரும் மெல்ல மெல்ல வெளியேறினர். 1935ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதைவிட ஆழமாக அரித்தவை வறட்சியும் பொறிமயமான வேளாண்மையும்; பலர் உழுத நிலத்தைச் சிலர் உழலாயினர். 1910இல் 12,008ஆக இருந்த மக்கள்தொகை, 2020இல் 3,395.

1955இல் உள்ளூர் ஆர்வலர்கள் கேதர் நினைவு அமைப்பொன்றை நிறுவி, நாவல்களில் வரும் வீடுகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தனர். ஊருக்குத் தெற்கே, ஏர்முனை படாத 612 ஏக்கர் புல்வெளியும் கேதர் பெயரால் காக்கப்படுகிறது. அங்கே வளர்வது பானியர் அறிந்திருந்த அதே புல்.